மீசை கருகிய பூனையும் 32 புறாக்களும்

கேள்வி: மூன்று கப்பல்கள் மூழ்கியும் சாகாத பூனை என்று நண்பன் ஒருவன் படம் அனுப்பியிருக்கிறான். முதல் கப்பல் ஜெர்மனியுடையது, அடுத்த இரண்டும் பிரிட்டனுடையவை. உண்மையா சார்? ராத்திரி முழுக்க இதே பேச்சு. (பூனைக்கு அடிமை)

பதில்: அந்தப் படம் எனக்கும் வந்தது. மூன்று பேர் அனுப்பினார்கள், மூன்றிலும் வேறு வேறு பூனை.

கதை இப்படிப் போகும். 1941 மே 27 அன்று பிஸ்மார்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கியது, பலகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிதந்த கறுப்பு வெள்ளைப் பூனையை காஸாக் என்ற பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல்காரர்கள் தூக்கி, ஆஸ்கர் என்று பெயர் வைத்தார்கள். அக்டோபரில் காஸாக் டார்பிடோ அடி வாங்கியது, பூனை பிழைத்தது. அங்கிருந்து ஆர்க் ராயல் என்ற விமானம் தாங்கிக் கப்பலுக்குப் போனது, நவம்பரில் அதுவும் போயிற்று, பூனை மட்டும் மறுபடி பிழைத்தது. கப்பல்கள் மூழ்கியதில் எந்தச் சந்தேகமும் இல்லை. இடிப்பது பூனைதான். பிஸ்மார்க்கில் இருந்த 2,200க்கும் அதிகமான பேரில் பிழைத்தவர்கள் நூற்றுச் சொச்சம். பிரிட்டிஷ் தரப்பில் அவர்களைத் தூக்கியவை டார்செட்ஷயர், மவோரி என்ற இரண்டு கப்பல்கள். ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியும் ஒரு சிறிய ஜெர்மன் கப்பலும் மிச்சம் ஐந்து பேரைக் கண்டெடுத்தன. காஸாக் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. நீர்மூழ்கி வருகிறது என்ற பயத்தில் தண்ணீரில் தத்தளித்துக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான மனிதர்களையே விட்டுவிட்டுக் கிளம்பிய நாள் அது. அந்த நாளில், மனிதர் யாரையும் தூக்காத கப்பல் ஒரு பூனையை மட்டும் நிதானமாகத் தேடி எடுத்தது என்றால் எப்படி நம்புவது? கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் ‘பிஸ்மார்க்கின் பூனை ஆஸ்கர்’ என்ற ஓவியம் இருக்கிறதே என்பான் உங்கள் நண்பன். இருக்கிறது. ஓவியம் இருப்பதற்கு அது நல்ல சாட்சி.

அவனை மடக்க வேண்டுமென்றால் பன்றியைச் சொல்லுங்கள். 1915 மார்ச்சில் டிரெஸ்டன் என்ற ஜெர்மன் கப்பல் மூழ்கியபோது உள்ளே இருந்த ஒரு பன்றி நீந்தி வெளியே வந்தது, கிளாஸ்கோ என்ற பிரிட்டிஷ் கப்பலின் மாலுமிகள் அதைத் தூக்கி, எதிரிக் கடற்படைத் தலைவரின் பெயரான டிர்பிட்ஸ் என்பதையே அதற்கு வைத்தார்கள். இது நடந்த கதை. முடிவு மட்டும் கொஞ்சம் வருத்தம்: பிறகு செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி திரட்ட அதை ஏலம் விட்டார்கள், இறைச்சியாகத்தான். பாடம் செய்த தலை லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேள்வி: போரில் அதிகப் பதக்கம் வாங்கிய பிராணி நாய்தானே? பந்தயம் கட்டியிருக்கிறேன். (நாய்க்கட்சி)

பதில்: கட்டியது போயிற்று. விலங்குகளுக்கு வீரப் பதக்கம் என்றால் எல்லோரும் சொல்வது டிக்கின் பதக்கம். பி.டி.எஸ்.ஏ. என்ற பிரிட்டிஷ் விலங்கு மருத்துவ அறக்கட்டளையைத் தொடங்கிய மரியா டிக்கின் 1943இல் ஏற்படுத்தியது. 1943 முதல் 1949 வரை 54 பதக்கங்கள் கொடுத்தார்கள். புறாக்களுக்கு 32, நாய்களுக்கு 18, குதிரைகளுக்கு 3, பூனைக்கு ஒன்றே ஒன்று. முதன்முதலில் வாங்கிய மூவருமே புறாக்கள்.

அந்த மூன்றில் விங்கி எனக்குப் பிடித்தவள். 1942 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் அடிபட்டு வட கடலில் விழுந்தது. நான்கு பேர் ரப்பர் படகில். எங்கே இருக்கிறோம் என்று வானொலியில் சரியாகச் சொல்ல முடியவில்லை. விமானத்தில் கூண்டில் இருந்த புறா எப்படியோ வெளியே வந்து, சிறகில் எண்ணெய் ஒட்டிய கோலத்தில் ஸ்காட்லாந்தில் இருந்த தன் கூட்டுக்குப் பறந்து போயிற்று, சுமார் 190 கிலோமீட்டர். அதன் காலில் செய்தி எதுவும் கட்டியிருக்கவில்லை, கவனியுங்கள். விமானம் விழுந்த நேரம், புறா வந்து சேர்ந்த நேரம், காற்றின் போக்கு, எண்ணெய் ஒட்டிய சிறகு எவ்வளவு வேகம் குறைக்கும் என்பதை எல்லாம் வைத்துக் கணக்குப் போட்டார்கள், விமானம் எங்கே விழுந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது, நான்கு பேரும் பிழைத்தார்கள். புறா செய்தியைக் கொண்டுவரவில்லை, களைத்து வந்து நின்ற கோலம்தான் செய்தி. பள்ளிக்கூடத்தில் ‘வேகம், நேரம், தூரம்’ கணக்கை இப்படிச் சொல்லித் தந்திருந்தால் நான் இந்தப் பத்தி எழுதும் வேலைக்கு வந்திருக்க மாட்டேன்.

கேள்வி: அப்படியென்றால் முதல் உலகப் போரில் ஒரு படையையே காப்பாற்றிய ஷேர் அமி புறா ஆணா பெண்ணா? இரண்டு விதமாகவும் படிக்கிறேன்.

பதில்: ஆண். 1918 அக்டோபரில் பிரான்சின் ஆர்கோன் காட்டில் சுற்றி வளைக்கப்பட்ட அமெரிக்கர்கள் அனுப்பிய பறவை, குண்டடிபட்டு ஒரு கால் தொங்கத் தொங்க வந்து சேர்ந்தது. பாடம் செய்து வாஷிங்டனின் ஸ்மித்சோனியனில் வைத்திருக்கிறார்கள். 2021இல் மரபணு சோதனை செய்து நூறு வருடச் சண்டையை முடித்தார்கள்.

கேள்வி: ஹிட்லருக்கு நாய் என்றால் உயிராமே? நாயை நேசிப்பவன் கெட்டவனாக இருக்க மாட்டான் என்று என் தோழி சொல்கிறாள்.

பதில்: 1945 ஏப்ரல் கடைசியில் தன்னிடம் இருந்த சயனைடு வேலை செய்யுமா என்று ஹிட்லருக்குச் சந்தேகம் வந்தது. பரிசோதித்துப் பார்த்தது அவருடைய ப்ளாண்டி என்ற நாயிடம். தோழிக்கு இதை அனுப்பி வையுங்கள்.

கேள்வி: போர் வந்ததும் லண்டன்காரர்கள் தங்கள் செல்லங்களைத் தாங்களே கொன்றார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். நாங்கள் யாரும் நம்பவில்லை. அவரைக் குழுவிலிருந்து வெளியேற்றலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொன்னது சரி. உங்களிடம் வந்ததிலேயே இதைத்தான் நீங்கள் நம்பியிருக்க வேண்டும்.

1939 கோடையில் விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைக்காக அமைக்கப்பட்ட விலங்குகள் குழு ஒரு துண்டறிக்கை வெளியிட்டது. முடிந்தால் பிராணிகளைக் கிராமப்புறத்துக்கு அனுப்புங்கள், யாரிடமும் ஒப்படைக்க முடியாவிட்டால் கொன்றுவிடுவதுதான் கருணை என்றது. அதே தாளில் அந்தக் காரியத்துக்கான துப்பாக்கிக்கு விளம்பரமும் இருந்தது. செப்டம்பர் 3 அன்று போர் அறிவிப்பு. அந்த ஒரு வாரத்தில் லண்டனில் மட்டும் சுமார் 4 லட்சம் நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டதாக இதை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஹில்டா கீன் சொல்கிறார். நகரத்திலிருந்த செல்லப் பிராணிகளில் நாலில் ஒன்று. நாடு முழுவதும் ஏழரை லட்சம் என்ற எண்ணும் அடிக்கடி கண்ணில் படும்.

அரசாங்கம் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான் இதில் என்னை உறுத்துவது. யாரும் வீடு வீடாக வந்து பிடித்துப்போகவில்லை. அவர்களே கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்றார்கள். பல மருத்துவர்கள் வேண்டாம் என்று கெஞ்சியும் பார்த்தார்கள். பாட்டர்சீ நாய்கள் காப்பகம் எதிர்த்தது. ஹாமில்டன் சீமாட்டி தன் பண்ணை வீட்டையே புகலிடமாக்கி, லண்டனிலிருந்து நூற்றுக்கணக்கான பிராணிகளை அங்கே கொண்டுபோனார். ஆனால் வரிசை நீண்டுகொண்டேதான் இருந்தது. பயத்தில் இருக்கிறவனுக்கு எதையாவது செய்தாக வேண்டும், கையில் இருந்ததோ பூனை.

லண்டன் மீது தொடர் குண்டுவீச்சு தொடங்கியது 1940 செப்டம்பரில், அதாவது முழுதாக ஒரு வருடம் கழித்து. அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். எலித்தொல்லை வந்தது. உணவுக் கிடங்குகளில் எலி பிடிக்கிற பூனைகளுக்கென்று, கெட்டுப்போய் மனிதருக்கு உதவாத பால்பவுடரை அரசாங்கமே ஒதுக்கிக் கொடுத்தது.

இதை எழுதும்போது என் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வெளியே இடி. ஒவ்வொரு இடிக்கும் அவனைக் கூப்பிட்டு, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த வரிசையில் நின்றவர்களும் முந்தின வாரம்வரை இதையே சொல்லியிருப்பார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது அல்சேஷன், ஜெர்மன் ஷெப்பர்ட் கிடையாது என்று மாமா சாதிக்கிறார். (மருமகன்)

பதில்: இரண்டும் ஒரே நாய்தான் மருமகனே. முதல் உலகப் போர் முடிந்தபோது ‘ஜெர்மன்’ என்ற சொல்லையே பிரிட்டனில் யாரும் வாயில் எடுக்கத் தயாராக இல்லை, நாய்க்கு அல்சேஷன் என்று பெயர் மாற்றினார்கள். 1977இல்தான் அங்கே நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தது. மாமா அதற்கு முன்னால் நாய் வளர்க்கத் தொடங்கியவராக இருப்பார், விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பீர் குடித்து, சிகரெட் தின்று, பீரங்கிக் குண்டு தூக்கிய கரடி உண்டா?

பதில்: உண்டு. வோய்டெக். 1942இல் ஈரானில் ஒரு பையனிடமிருந்து போலந்து வீரர்கள் குட்டியாக வாங்கியது. அந்த வீரர்களே சோவியத் முகாம்களிலிருந்து விடுபட்டு, நாடும் வீடும் இல்லாமல் வந்துகொண்டிருந்தவர்கள், தாயில்லாக் குட்டியைப் பார்த்தால் விடுவார்களா? 1944இல் எகிப்திலிருந்து இத்தாலிக்குக் கப்பல் ஏறும்போது வீரர்களுக்கு மட்டுமே அனுமதி என்றார்கள். சரி என்று கரடியைப் படைவீரனாகப் பதிவு செய்துவிட்டார்கள், படை எண்ணோடு. கோப்பு சரியாக இருந்தால் கரடியும் கப்பலேறலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மான்டே கசினோ சண்டையில் குண்டுப் பெட்டி தூக்கியதைப் பார்த்ததாக வீரர்கள் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை பெட்டி, எத்தனை நாள் என்பதில் நட்புக்கேற்ப எண் ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குண்டு ஏந்திய கரடி அந்தப் படைப்பிரிவின் சின்னமாகவே ஆனது உண்மை. போர் முடிந்ததும் எடின்பரோ விலங்குக் காட்சிசாலைக்குப் போயிற்று, 1963இல் அங்கேயே இறந்தது. பழைய போலந்து வீரர்கள் வேடிக்கை பார்க்க வருவார்களாம், போலந்து மொழியில் கூப்பிட்டால் எழுந்து நிற்குமாம், சிகரெட் வீசுவார்களாம். நாடு திரும்ப முடியாத அந்த மனிதர்களோடு அவர்கள் மொழி கேட்ட கரடி.

கேள்வி: விலங்குகளை வைத்து ராணுவம் போட்டதிலேயே முட்டாள்தனமான திட்டம் எது? எங்களில் மூன்று பேர் மூன்று பதில் சொல்கிறோம்.

பதில்: நான் நாலாவது சொல்லிக் குழப்பவில்லை, இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சோவியத்காரர்கள் நாயின் முதுகில் வெடிகுண்டைக் கட்டி, டாங்கிக்கு அடியில் போனால் சாப்பாடு கிடைக்கும் என்று பழக்கினார்கள். நாய் பாடத்தை ஒழுங்காகத்தான் கற்றது. கற்றுக்கொடுத்தவர்கள்தான் கவனிக்கவில்லை. பயிற்சிக்கு வைத்திருந்தவை டீசலில் ஓடும் சோவியத் டாங்கிகள், எதிரியுடையவை பெட்ரோல். போர்க்களத்தில் அவிழ்த்துவிட்டால் சில நாய்கள் பழகிய வாசனையைத் தேடிச் சொந்த டாங்கிப் பக்கமே ஓடின. சத்தத்துக்குப் பயந்து பதுங்குகுழிக்கே திரும்பி ஓடிவந்தவையும் உண்டு, முதுகில் குண்டோடு. முட்டாள்தனம் என்று சிரிக்க எனக்கு வரவில்லை.

சிரிக்கலாம் என்றால் அமெரிக்க வௌவால். 1942 ஜனவரியில் லைட்டில் ஆடம்ஸ் என்ற பல் மருத்துவர் வெள்ளை மாளிகைக்குக் கடிதம் எழுதினார்: ஆயிரக்கணக்கான வௌவால்களின் உடம்பில் சின்னத் தீக்குண்டு மாட்டி ஜப்பானிய ஊர்கள் மேல் விடலாம், அவை போய்க் கூரை இடுக்கில் ஒண்டிக்கொள்ளும், அப்புறம் தீப்பிடிக்கும். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இவர் பைத்தியம் இல்லை, பார்க்கச் சொல்லுங்கள் என்று குறிப்பு எழுதி அனுப்பினார். பார்த்தார்கள். 1943 மே மாதம் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாட் விமானத்தளத்தில் நடந்த சோதனையின்போது குண்டோடு தப்பித்த வௌவால்கள் அந்தத் தளத்தையே எரித்துவிட்டன. அதைவிட வேடிக்கை, திட்டம் வேலை செய்கிறது என்பதற்கு அந்தத் தீயையே சான்றாக எடுத்துக்கொண்டு தொடர்ந்தார்கள். 1944இல் கைவிடுவதற்குள் சுமார் 20 லட்சம் டாலர் செலவு.

கேள்வி: போரில் பங்கெடுத்த மிகச் சிறிய நாய் எது? என் பொமரேனியனுக்குத் தன்னம்பிக்கை தேவைப்படுகிறது.

பதில்: ஸ்மோக்கியைப் பற்றிப் படித்துக் காட்டுங்கள். யார்க்‌ஷயர் டெரியர், எடை இரண்டு கிலோவைத் தாண்டாது. பசிபிக் போரில் பில் வின் என்ற அமெரிக்க வீரரிடம் இருந்தது. 1945இல் பிலிப்பைன்சில் ஒரு விமான ஓடுபாதைக்கு அடியில் தகவல் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. ஓடுபாதையைத் தோண்டினால் விமானங்களை நகர்த்த வேண்டும், வேலை நாள் கணக்கில் இழுக்கும், எதிரிக்கு அத்தனையும் இலக்காக நிற்கும். ஏற்கெனவே அடியில் எட்டு அங்குல அகலக் குழாய் இருந்தது, 70 அடி நீளம், இணைப்புகள் வழியே மண் விழுந்து பாதி அடைத்துக் கிடந்தது. ஸ்மோக்கியின் கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கட்டி உள்ளே விட்டு, அந்தப் பக்கம் போய் நின்று வின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நடுவில் கயிறு சிக்கியது, திரும்பிப் பார்த்தது, மறுபடி கூப்பிட்டார், வந்துவிட்டது. ஐந்து நிமிட வேலை. உங்கள் பொமரேனியன் கூப்பிட்டால் வருமா என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி: ஜப்பானில் யானைகளைப் பட்டினி போட்டுக் கொன்றார்களாமே? அது எதிரி பரப்பிய வதந்தி இல்லையா?

பதில்: இல்லை. 1943 ஆகஸ்டில் டோக்கியோ நிர்வாகம் உயெனோ விலங்குக் காட்சிசாலைக்கு உத்தரவு போட்டது: குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து, பெரிய மிருகங்களைக் கொன்றுவிடுங்கள். மூன்று யானைகள் இருந்தன. விஷம் வைத்த உருளைக்கிழங்கைத் தொடவில்லை. ஊசி தோலில் இறங்கவில்லை. உணவையும் தண்ணீரையும் நிறுத்தினார்கள். கடைசி யானை டோங்கி செப்டம்பர் 23 வரை உயிரோடு இருந்தது, பாகன் வரும்போதெல்லாம் வித்தை செய்து காட்டியதாம், செய்தால் சாப்பாடு கிடைக்கும் என்றுதானே பழக்கியிருந்தார்கள். டோக்கியோ மீது பெரிய குண்டுவீச்சு தொடங்கியது அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் கழித்து.

போருக்குப் பிறகு யானையையே பார்த்திராத டோக்கியோ குழந்தைகள் பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுதினார்கள், எங்களுக்கு ஒரு யானை அனுப்புங்கள் என்று. 1949 செப்டம்பரில் யானை போய் இறங்கியது. நேரு வைத்த பெயர் இந்திரா. மகளின் பெயர். அந்த யானை 1983 வரை அங்கே இருந்தது.

கேள்வி: வாத்து அலகு கொண்ட பிளாட்டிபஸை சர்ச்சில் வளர்த்தாரா? இது மட்டுமாவது பொய் என்று சொல்லுங்கள். (களைத்துப்போனவன்)

பதில்: வளர்க்கவில்லை, ஆசைப்பட்டார். 1943இல், போர் உச்சத்தில் இருந்தபோது, ஆஸ்திரேலியாவிடம் ஆறு கேட்டார். அவர்களும் ஒன்றுக்கு வின்ஸ்டன் என்றே பெயர் வைத்து, தின்பதற்கு மண்புழுக்களோடு கப்பலில் ஏற்றினார்கள். கரை சேரச் சில நாட்களே இருக்கும்போது இறந்துபோனது. நீர்மூழ்கியை விரட்டப் போட்ட வெடிகளின் அதிர்ச்சி என்று பல வருடங்கள் சொன்னார்கள். அண்மையில் பயணக் குறிப்புகளைப் புரட்டியவர்கள் வெயிலைக் குற்றம் சாட்டுகிறார்கள், பூமத்திய ரேகையைத் தாண்டும்போது தொட்டித் தண்ணீர் அதற்கு ஆகாத அளவு சூடேறியிருக்கிறது. எதிரியின் மேல் பழியைப் போடுவது எப்போதும் சுலபம்.

கேள்வி: 54இல் ஒரே ஒரு பூனை என்றீர்கள். அது யார் என்று சொல்லாமல் விட்டால் எப்படி? (மீண்டும் பூனைக்கு அடிமை)

பதில்: நீங்கள் கேட்பீர்கள் என்றுதான் காத்திருந்தேன். சைமன். ஹாங்காங்கில் ஒரு இளம் மாலுமி அமெதிஸ்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலுக்குள் ஒளித்துக் கொண்டுவந்த கறுப்பு வெள்ளைப் பூனை. 1949 ஏப்ரல் 20 அன்று சீனாவின் யாங்சே ஆற்றில் போய்க்கொண்டிருந்த கப்பலைக் கம்யூனிஸ்ட் படைகள் பீரங்கியால் அடித்தன. கப்பல் தலைவர் இறந்தார். சைமனுக்கு உடம்பில் குண்டுச் சில்லுகள், மீசை கருகிவிட்டது. கப்பல் மூன்று மாதங்களுக்கு மேல் ஆற்றிலேயே சிக்கிக் கிடந்தது. உணவு குறைய, எலி பெருகியது. காயம் ஆறியதும் சைமன் எலி பிடிக்கத் தொடங்கியது, அவ்வப்போது நோயாளிகளின் படுக்கையிலும் போய் உட்கார்ந்துகொண்டது. ஜூலைக் கடைசியில் ஒரு ராத்திரி கப்பல் தப்பித்துக் கடலுக்கு வந்தது.

பிரிட்டன் போய்ச் சேர்ந்ததும் சட்டப்படி ஆறு மாதத் தனிமைக் கொட்டடி. பதக்க விழா டிசம்பரில் என்று முடிவாகியிருந்தது, நவம்பர் 28 அன்று சைமன் அங்கேயே இறந்தது. இதற்குப் படமும் உண்டு, கப்பல்காரர்கள் கையில் எடுத்துக்கொண்ட படங்கள். உங்கள் நண்பன் அடுத்த முறை ஆஸ்கரை அனுப்பினால் இதைத் திருப்பி அனுப்புங்கள். ஒரே பூனைதானா என்று பார்க்க மறக்காதீர்கள்.